காலில்லாத சிட்டு

என் மூத்தவன் குடித்தது போக மிஞ்சிய பாலில் பாதி முனியன் அண்ணனின் கண்ணுக்குத்தான் போயிற்று. இதை இப்போது சொன்னால் என் மருமகள் காதைப் பொத்திக்கொள்கிறாள். பொத்திக்கொள்ளட்டும். வானகரத்தில் அன்றைக்கு அது ஒரு சங்கதியே இல்லை. தெருவில் வெல்டிங் வேலைக்குப் போகிறவர் ஒருவர் இருந்தால், கைக்குழந்தைக்காரி வீட்டு வாசலில் பாலாடைச் சங்கோடு யாராவது வந்து நிற்கத்தான் செய்வார்கள்.

எண்பத்தேழாம் வருஷம், சித்திரை கழிந்து நாங்கள் அங்கே குடிபோனோம். என் வீட்டுக்காரருக்கு மதுரவாயலில் ஓர் உரக்கடையில் வேலை. நான் அரக்கோணத்துப் பக்கம். மெட்ராஸ், மெட்ராஸ் என்று ஆசை காட்டிக் கூட்டிவந்தவர், பூந்தமல்லி ரோட்டில் பஸ்ஸை விட்டு இறக்கி, நாற்றங்கால் ஓரமாக நடத்திக்கொண்டு போனார். நான் கழனியைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தேன் என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனேன். கழனி முடிகிற இடத்தில் ஒரு கேட் இருந்தது. அப்படி ஒரு கேட்டை நான் அதுவரை பார்த்ததில்லை. கம்பியை வளைத்து வளைத்து நடுவில் ஒரு சூரியகாந்திப் பூ, இரண்டு பக்கமும் மயில், மேலே ‘பேபி இல்லம்’ என்று கம்பியாலேயே எழுத்து. திறந்தால் உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் போட்ட இரண்டே அறைகள். ஒன்று வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு, ஒன்று எங்களுக்கு. இவ்வளவு பெரிய கேட்டைப் பூட்டி எதைக் காப்பாற்றுகிறார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தனையும் ஒர்க்‌ஷாப்பில் வெட்டி எறிந்த துண்டுக் கம்பி என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த இல்லத்துப் பேபிக்கு அப்போதே நாற்பது வயது. கறுத்து, ஒல்லியாக, வெற்றிலைக் காவிப் பல்லோடு இருப்பாள். விடிந்ததும் கீரையைப் பறித்துக் கட்டி, கூடையில் வைத்து மதுரவாயல் வரை நடந்து விற்றுவிட்டு வருவாள். ஒரே மகள் வசந்தாவைத் திருமழிசையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பேபி அக்காவின் புருஷன்தான் முனியன் அண்ணன், அம்பத்தூர் எஸ்டேட்டில் டேங்க் செய்கிற ஓர் ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். அவருடைய அப்பா அதே வானகரத்துக் கழனிகளில் அடுத்தவருக்கு ஏர் ஓட்டியவர். இவர் ஏரை விட்டுவிட்டு வெல்டிங் ராடைப் பிடித்தார். தினமும் அத்திப்பட்டு வழியாகச் சைக்கிளில் போய்வருவார். சட்டையெல்லாம் நெருப்புப் பொறி விழுந்து பொத்தல் பொத்தலாக இருக்கும். பேபி அக்கா தைத்துத் தைத்துப் பார்த்துவிட்டு, காத்து வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

குடிபோன சில நாளிலேயே பாலாடையோடு வந்து நின்றாள்.

“இன்னாமே அப்டி பாக்கற? ரெண்டு சொட்டு பீச்சிக் குடு. எங்க ஊட்டு ஆளுக்கு வெல்டிங் ஃபிளாஷ் அடிச்சிகிச்சி. கண்ணுல மண்ண வாரிக் கொட்னாப்பல கீதாம், குந்திகினு மொனவுது.”

“முகமூடி போட்டுக்க மாட்டாராக்கா?”

“ஒரு கைல ராடு, ஒரு கைல இரும்பப் புடிச்சிக்கணும். மூஞ்சிக்கு முன்னால கண்ணாடிய யாரு புடிப்பா, நானா? கண்ண மூடிகினு குத்துமதிப்பா ஒரு டேக் போட்டு இரும்ப ஒட்டும். வெளிச்சம் பார்க்காத மாதிரிதான் கீது, உள்ள பூந்துடுது.”

வெட்கத்தில் எனக்கு முகம் சிவந்துவிட்டது. உள்ளே போய்ப் பீய்ச்சிக் கொடுத்தேன். அன்றைக்கு முனியன் அண்ணன் அண்ணாந்து படுக்க, பேபி அக்கா சொட்டுச் சொட்டாக விட்டாள். அதன் மேல் நந்தியாவட்டைப் பூவைக் கண்ணுக்கு ஒன்றாக வைத்து, துணியால் கட்டினாள். மறுநாள் காலை அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தார். அதன் பிறகு வெட்கம் போய்விட்டது. மாசத்துக்கு இரண்டு தரமாவது பாலாடை வந்துவிடும்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த தோட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. கால் கிரவுண்டுகூட இருக்காது. துவைக்கிற கல், அதை ஒட்டி அடிபம்பு, கோடியில் கக்கூஸ், அவ்வளவுதான். ஆனால் குளிக்கிற தண்ணீர், அரிசி கழுவுகிற தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு வாய்க்கால் வெட்டித் திருப்பியிருந்தார் முனியன் அண்ணன். இடது பக்கம் அந்திமந்தாரை ஒரு புதர். வலது பக்கம் இட்லிப்பூச் செடி, ஆள் உயரத்துக்கு, சிவப்பு சிவப்பாக. நடுவில் நந்தியாவட்டை, கனகாம்பரம், கீரைப் பாத்தி. வேலை விட்டு வந்ததும் ஒரு டம்ளர் டீயை எடுத்துக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டிரம்மின் மேல் வந்து உட்கார்ந்துவிடுவார். பகலெல்லாம் நெருப்பைப் பார்த்த கண்ணுக்குப் பச்சையைப் பார்த்தால் ஆறும் என்பார். பொழுது சாய மந்தாரை ஒவ்வொன்றாக வாய் திறக்கும். அந்த வாசனையும், பேபி அக்காவின் அடுப்பில் நெத்திலிக் கருவாடு வேகிற வாசனையும் கலந்து வரும். என் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நானும் அங்கேதான் நிற்பேன். இன்றைக்கு அந்த இடத்துக்கு மேல் ரோடு போகிறது. பைபாஸில் போகும்போதெல்லாம் எந்தத் தூணுக்குக் கீழே எங்கள் துவைக்கிற கல் இருந்திருக்கும் என்று தேடுவேன்.

ஐப்பசியில் முதல் மழை பெய்து ஓய்ந்த ஒரு சாயங்காலம், அவர் டிரம்மில் உட்கார்ந்தபடியே கூப்பிட்டார்.

“பேபி, இங்க வா. சீக்கிரம் வா. ஒரு சிட்டு வந்துகீது.”

“தெனோம்தான் வருது. அரிசி காயப் போட்டா அதுங்களுக்குப் போவத்தான் நமக்கு.”

“அந்தச் சிட்டு இல்லமே. இத்துனூண்டு. காலே இல்ல. பூவாண்ட காத்துல அப்டியே நிக்கிது. றெக்க எங்க கீதுன்னே தெர்ல.”

பேபி அக்கா கரண்டியோடு ஓடிவந்தாள். நானும் எட்டிப்பார்த்தேன். மந்தாரைப் புதர் மழைத் தண்ணீர் சொட்டிக்கொண்டு சும்மா நின்றது.

“எங்கய்யா?”

“தோ இப்பதான் பூட்ச்சி.”

மறுநாளும் கூப்பிட்டார். அதற்கு மறுநாளும் கூப்பிட்டார். ஓடிப்போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. அவர் மட்டும் அதை விதவிதமாக வர்ணிப்பார். மூக்கு ஊசிபோல நீளம் என்பார், உறிஞ்சும்போது வாலை விசிறியாக விரிக்கிறது என்பார், பூவை விட்டுப் பின்னாலேயே நகர்ந்து அடுத்த பூவுக்குப் போகிறது என்பார். பின்னால் பறக்கிற பறவை எந்த ஊரில் இருக்கிறது என்று நான் சிரித்தேன். பேபி அக்கா சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் அவள் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது. என்னைத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு போனாள்.

“துலுக்கானத்தப் பாத்துகீறல்ல?”

பார்த்திருந்தேன். தெருக்கோடி வீட்டுத் துலுக்கானம், முனியன் அண்ணனுக்கு முன்னால் அதே ஒர்க்‌ஷாப்பில் ராடு பிடித்தவர். இரண்டு கண்ணும் போய், வீட்டோடு இருந்தார். அவர் வீட்டுக் கதவிலிருந்து கக்கூஸ் வரைக்கும் ஒரு நைலான் கயிறு கட்டியிருக்கும். அதைத் தடவிக்கொண்டே போவார், தடவிக்கொண்டே வருவார். கயிறு மாட்டுகிற கொக்கிகளை வெல்டிங் வைத்துக் கொடுத்தவரே முனியன் அண்ணன்தான்.

“அந்தாளும் இப்டிதாம்மே ஆரம்பிச்சாரு. கண்ணு முன்னால ஈ பறக்குதும்பாரு, கையால தட்டுவாரு. ஊடே சிரிச்சிது. ஒரு வர்சத்துல இருட்டாயிட்ச்சி. இதுக்கு ஈ இல்ல, சிட்டு. அவ்ளோதான் வித்தியாசம்.”

“அக்கா, அவர் சொல்றது பொய்யா இருக்காது.”

“பொய்யின்னு யார் சொன்னா? அதுக்குத் தெரியிது. மெய்யாலுமே தெரியிது. அதாம்மே பயமா கீது.”

அன்றையிலிருந்து அவள் வீட்டில் சிட்டு என்ற பேச்சை எடுத்தாலே பாத்திரம் உருண்டது. எல்லையம்மன் கோயிலுக்குப் போய், வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்துவதாக வேண்டிக்கொண்டு வந்தாள். ஃபிளாஷ் அடிக்காத நாளிலும் பாலாடை வந்தது. எழும்பூர்க் கண்ணாஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கூப்பிட்டால் அவர் எழுந்து போய்விடுவார்.

“எனுக்கு இன்னா கேடு? கண்ணு நல்லாதான் கீது. நீ பார்க்கலன்னா அது வர்லியா?”

“வர்ற சிட்டு எங்க கண்ணுல படாதா? உன் கண்ணுக்கு மட்டும் சீட்டு குட்த்து வருதா?”

“டாக்டராண்ட போனா ஏதாச்சும் சொல்லுவான். ஒர்க்‌ஷாப்புல காதோட காதா பரவும். நாளைக்கே தொடப்பத்த குட்த்து பெருக்கச் சொல்லுவாங்க. இன்னா, அதான் வோணுமா உனுக்கு?”

அதே வாரம் அவர் தோட்டத்தில் ஒரு வேலை செய்தார். ஒர்க்‌ஷாப்பிலிருந்து கம்பித் துண்டுகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, பின்வாசலிலிருந்து வரிசையாக அடித்து நட்டார். ஒவ்வொரு கம்பியின் தலையிலும் ஒரு வளையம். வளையங்களுக்குள் கயிற்றைக் கோர்த்து இழுத்துக் கட்டினார். என்னவென்று கேட்டதற்கு அவரை விதை போடப்போகிறேன் என்றார்.

“அவரைக்கு இடுப்பு ஒசரத்துலயா கயிறு கட்டுவாங்க? பந்தல் மேல போடுவாங்க,” என்றாள் பேபி அக்கா.

“குள்ள அவரை. புது ரகம்.”

கழனியிலேயே பிறந்து வளர்ந்தவளிடம் போய் இப்படிப் பேசுகிறாரே என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. அவள் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

பேபி அக்காவின் தம்பி கோவிந்தனும் அதே ஒர்க்‌ஷாப்பில் கிரைண்டிங் வேலை பார்த்தான். ஒருநாள் மாமன் வருவதற்கு முன்னாலேயே சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தான். அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச நினைத்தானாம். அந்த வீட்டில் தனியாகப் பேச இடம் ஏது, நான் அங்கேதான் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

“எக்கா, மாமா போட்ற ஜாயின்ட்டு கசியிதுக்கா.”

“இன்னாடா சொல்ற?”

“டேங்க்க முடிச்சதும் வெளிப்பக்கம் சுண்ணாம்பு அடிச்சிட்டு, உள்ளாற மண்ணெண்ண தடவுவோம். ஓட்டை கீதுன்னா சுண்ணாம்புல ஈரம் ஊறும். மாமா கை வச்ச வெல்டிங் தையல்ல இதுவரைக்கும் ஒரு புள்ளி ஈரம் வந்ததில்ல. இந்த மாசம் மூணு டேங்க்குல வந்துட்ச்சி. கோட்ட வுட்டு வெலகிப் போவுது ராடு.”

“மொதலாளி பாத்தாரா?”

“இல்ல. நானே தேச்சிட்டு, வேற ஆள வச்சி மேல இன்னொரு வெல்டிங் ஓட்டிட்டேன். எத்தினி நாளைக்கு டபாய்க்க முடியும்? அடுத்து வர்றது வெளியூருக்குப் போற டேங்க்கு, ஆசிட் ஊத்தறது. அதுல கசிஞ்சா ஆளு செத்துடுவான்கா.”

கீரை ஆய்ந்துகொண்டிருந்த பேபி அக்கா, தண்டை வைத்துக்கொண்டு இலையைக் குப்பையில் போட்டாள். கோவிந்தன் டீகூடக் குடிக்காமல் போய்விட்டான். பாவி மனுஷன், இதைச் சொல்லாமலாவது இருந்திருக்கலாம் என்று எனக்கு அவன் மேல் கோபம் வந்தது.

கார்த்திகை பிறந்து சில நாள். மழை விட்டு, வெயில் மஞ்சளாக அடித்த ஒரு சாயங்காலம். முனியன் அண்ணன் இன்னும் வரவில்லை. பிள்ளை நச்சரித்துக்கொண்டே இருந்தான் என்று தோட்டத்துக்குத் தூக்கிப் போனேன். மந்தாரைப் பூவைக் காட்டிக்கொண்டு நின்றபோது காதுக்குப் பக்கத்தில் விர்ரென்று ஒரு சத்தம். குளவி என்று பதறிப் பிள்ளையின் தலையைப் பொத்தினேன். அது என்னைத் தாண்டிப் போய், ஒரு பூவுக்கு முன்னால் நின்றது. நின்றது என்றுதான் சொல்லவேண்டும். எதிலும் உட்காரவில்லை. என் கட்டைவிரல் பருமனில் சாம்பல் நிற உடம்பு. இரண்டு பக்கமும் றெக்கை இருக்கவேண்டிய இடத்தில் புகை மாதிரி ஏதோ அதிர்ந்தது. வாயிலிருந்து கறுப்பு நூல்போல ஒன்று நீண்டு பூவின் தொண்டைக்குள் போயிற்று. வாலை விசிறிபோல விரித்தது. பிறகு, என் தலைமேல் சத்தியமாக, பின்னாலேயே நகர்ந்து அடுத்த பூவுக்குப் போனது. தலையில் இரண்டு மீசை இருந்ததையும் பார்த்தேன். என் பிள்ளையும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், அழுகையை நிறுத்திவிட்டு.

“அக்கா,” என்று கத்தினேன். “அக்கா, ஓடிவா. இருக்கு. நிஜமாவே இருக்கு.”

அவள் வருவதற்குள் போய்விட்டது. ஆனால் நான் சொன்னதையெல்லாம் மூச்சு விடாமல் கேட்டாள். மூக்கைப் பற்றிக் கேட்டாள், வாலைப் பற்றிக் கேட்டாள். என் பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணச் சொன்னாள், பண்ணினேன். அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“அப்ப கண்ணு நல்லா கீது,” என்றாள். “என் சாமி, அதுக்குக் கண்ணு நல்லா கீது.”

அன்று ராத்திரிச் சோற்றுக்கு எங்கள் வீட்டுக்கும் சேர்த்து வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தாள். முனியன் அண்ணனிடம் போய், என் பேரைச் சொல்லி, சொர்ணம் பார்த்துவிட்டாள் என்று பெருமையாகச் சொன்னாள். அவர், “நான்தான் சொன்னேன்ல,” என்று மட்டும் சொல்லிவிட்டு மீன் முள்ளைத் தடவித் தடவி எடுத்துக்கொண்டிருந்தார். கோவிந்தன் சொன்ன கசிவை அவள் அன்றைக்கு மறந்தே போனாள். நானும் மறந்தேன். கண்ணாரப் பார்த்த ஒரு நல்ல சேதிக்கு முன்னால், காதால் கேட்ட கெட்ட சேதி நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. கோவிந்தனும் வந்தான். பேபி அக்கா மசால் வடை சுட்டாள். மத்தியானத்திலிருந்தே தோட்டத்தில் ஒரே பேச்சு.

“மீச கீதுன்னு சொர்ணம் சொல்லுதே,” என்றான் கோவிந்தன். “மீச கீதுன்னா பூச்சிதான் மாமே. வௌக்காண்ட வந்து வுயுமே விட்டில், அந்த ஜாதி. சிட்டுக்கு ஏது மீச?”

“விட்டில் பகல்ல வருமாடா? அது சிட்டுதான், மச்சான். இன்னா பந்தயம்?”

“முட்ட போடுமா, குஞ்சி பொரிக்குமா?”

“அத்த அதாண்ட போய்க் கேளு.”

“சிட்டோ பூச்சியோ, வரட்டும்,” என்றாள் பேபி அக்கா. அன்று அவள் தலையில் கனகாம்பரம் வைத்திருந்தாள்.

வெயில் இறங்கியது. முனியன் அண்ணன் தன் டிரம்மில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலது பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இட்லிப்பூச் செடி. நாங்கள் மூன்று பேரும் கொஞ்சம் தள்ளி, பின்வாசல் படியில். மந்தாரை வாய் திறக்க ஆரம்பித்தது. பேச்சு தானாக அடங்கிற்று.

வந்தது. மந்தாரைக்கு வரவில்லை. இட்லிப்பூவுக்கு வந்தது. சிவப்புக் கொத்துக்கு முன்னால், முனியன் அண்ணனின் முழங்கைக்குப் பக்கத்தில், காற்றில் அப்படியே நின்றது. பேபி அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். கோவிந்தன் வடையை வாயில் வைத்தபடி சிலையாகிவிட்டான். அவ்வளவு அருகில், அவ்வளவு தெளிவாக நான் அதை முன்னால் பார்க்கவில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

அப்போது முனியன் அண்ணன் இடது பக்கம் கையை நீட்டினார்.

“தோ பாருங்க, வந்துட்ச்சி. சத்தம் கேட்குதா? மந்தாரையில, மேல் கொத்துல. வாலை எப்டி விரிக்குது பாரு. பாத்தியா மச்சான்? இப்ப சொல்லு, பூச்சியா சிட்டா?”

மந்தாரைப் புதரில் ஒன்றுமே இல்லை.

கோவிந்தன் என்னைப் பார்த்தான். நான் பேபி அக்காவைப் பார்த்தேன். அவள் வலது பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். சிட்டு அடுத்த கொத்துக்கு நகர்ந்து, அவர் தோளை உரசுவது போலப் போய், மறுபடி வந்தது. அவர் இடது பக்கம் நீட்டிய கையை இறக்கவில்லை.

“இன்னா, யாரும் பேச மாட்றீங்க?”

“பாத்தேன்யா,” என்றாள் பேபி அக்கா. “அங்கதான் கீது. மேல் கொத்துல. நல்லா தெரியிது.”

அவள் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. நான் முகத்தைத் திருப்பியபோது அந்த அவரைக் கயிறு கண்ணில் பட்டது. தினமும் அதன் மேல் குழந்தைத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் நான். அன்றைக்குத்தான் அது எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று பார்த்தேன். பின்வாசலில் தொடங்கியது. டிரம்முக்குப் போனது. டிரம்மிலிருந்து துவைக்கிற கல்லுக்கு. அங்கிருந்து கக்கூஸ் கதவுக்கு. எந்த ஊரிலும் அவரைக்கொடி கக்கூஸுக்குப் போகாது. பேபி அக்காவும் என் பார்வையோடு சேர்ந்து அந்தக் கயிற்றின் மேலேயே கண்ணை ஓட்டிக்கொண்டு போனாள். கடைசிக் கம்பி வரை போனாள். பிறகு எழுந்தாள்.

அவரிடம் நடந்து போய்ப் பக்கத்தில் குந்தினாள். கோவிந்தன் சத்தமில்லாமல் கேட் பக்கம் போய்விட்டான். நானும் போயிருக்கவேண்டும், போகவில்லை.

முனியன் அண்ணன்தான் முதலில் பேசினார்.

“அங்க இல்லல்ல?”

அவள் அவர் நீட்டியிருந்த கையைப் பிடித்து இறக்கினாள்.

“ஐப்பசியில சோக்கா தெரிஞ்சிது பேபி. சாமி சத்தியமா தெரிஞ்சிது. அப்பால பொகை மூடிகினே வந்துட்ச்சி. நேரத்த வச்சி, சத்தத்த வச்சி சொல்லிகினு இருந்தேன். சொல்லிகினே இருந்தா கண்ணு இருக்கற மாதிரி ஒரு இது.” கண்ணைக் கசக்கிக்கொண்டார். “எங்க கீது? சொல்லு.”

அவள் இரண்டு கையாலும் அவர் தாடையைப் பிடித்து, குழந்தையின் முகத்தைத் திருப்புவது போல, மெல்ல வலது பக்கம் திருப்பினாள்.

“தோ. உன் மூக்குக்கு நேரா.”

அவர் கண்ணை அகலத் திறந்து பார்த்தார். அது இன்னும் அங்கேயே இருந்தது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“நாளிக்கு எய்ம்பூர் போவலாம்யா,” என்றாள் பேபி அக்கா.

“சரி,” என்றார்.

கண்ணில் புரை என்றார்கள் ஆஸ்பத்திரியில். கண் நரம்பு நன்றாகத்தான் இருக்கிறது, இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா திட்டினாராம். தை மாசம் முதலில் ஒரு கண்ணை மட்டும் ஆபரேஷன் செய்தார்கள். கட்டுப் பிரிக்கும்வரை பேபி அக்கா கீரை விற்கப் போகவில்லை, என் கூடையில்தான் அந்தக் கீரை தெருவைச் சுற்றியது. பச்சைத் துணி தொங்கவிட்ட கண்ணோடு வந்தவருக்குப் பிறகு ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். சோடா பாட்டில் அடிப்பாகம் போல அத்தனை தடிமன். அதைப் போட்டுக்கொண்டால் அவர் கண் ஆட்டுக்கண் அளவுக்குத் தெரியும். ராடு பிடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் பயந்த மாதிரி முதலாளி துடைப்பத்தைக் கொடுக்கவில்லை. சுண்ணாம்பு அடித்து மண்ணெண்ணெய் தடவிக் கசிவு பார்க்கிற வேலையைக் கொடுத்தார். கோவிந்தன் தேய்த்த தையலில் எங்கேயாவது ஊசிமுனை ஈரம் இருந்தாலும் கண்டுபிடித்து அவன் உயிரை வாங்கினார்.

எல்லையம்மனுக்குக் கண்மலர் சாத்தினாள் பேபி அக்கா. திரும்பி வந்ததும் முதல் வேலையாக அந்தக் கயிற்றுக்கு அடியில் அவரை விதையை ஊன்றினாள். குள்ள அவரை இல்லை, கொடி அவரைதான். ஏறட்டும், பாக்கலாம் என்றாள்.

மறு வருஷம் ஐப்பசி மழை வந்தது. கயிறு தெரியாமல் அவரைக்கொடி படர்ந்து, ஊதாப் பூவாகப் பூத்திருந்தது. நாங்கள் பொங்கலோடு வீட்டைக் காலி செய்துகொண்டு அரக்கோணத்துக்கே போவதாக இருந்தது. போகிற துக்கத்தில் நான் தினமும் சாயங்காலம் அந்தத் தோட்டத்திலேயே கிடந்தேன். என் பிள்ளை தத்தித் தத்தி நடந்து, அவரைப் பிஞ்சைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். பேபி அக்கா கீரைக்கட்டு போட்டுக்கொண்டிருந்தாள். முனியன் அண்ணன் தன் டிரம்மில், டீ டம்ளரோடு.

“வந்துட்ச்சி,” என்றார் சாதாரணமாக. “மந்தாரையில. ரெண்டு கீது.”

பேபி அக்காவின் கை நின்றது. கண்ணாடி போட்ட பிறகு ஒன்று இரண்டாகத் தெரிந்தால் உடனே அழைத்துக்கொண்டு வரவேண்டும் என்று டாக்டரம்மா அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவள் எழுந்து புதரைப் பார்த்தாள்.

“ஒண்ணுதான்யா கீது.”

“ரெண்டு.”

“கண்ணாடிய கயட்டித் தொடச்சிட்டுப் பாரு.”

அவர் கழற்றினார், வேட்டியில் துடைத்தார், போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

“ரெண்டுதான்.”

பேபி அக்கா என் பக்கம் திரும்பினாள். அந்தப் பழைய முகம் வந்துவிட்டிருந்தது. நான் பிள்ளையை விட்டுவிட்டு அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்று, அவர் பார்க்கிற திசையிலேயே பார்த்தேன். மந்தாரைப் பூவுக்கு முன்னால் ஒன்று நின்றுகொண்டிருந்தது. ஒன்றேதான். நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் பின்னால் இருந்த இலை அசைந்தது. இலை மறைவிலிருந்து இன்னொன்று, அதே சாம்பல் உடம்பு, அதே புகை றெக்கை, பின்னாலேயே நகர்ந்து வெளியே வந்து முதலாவதின் பக்கத்தில் நின்றது.

“ரெண்டுக்கா,” என்றேன். “ரெண்டு இருக்கு.”

முனியன் அண்ணன் டீயை ஒரு வாய் உறிஞ்சினார்.

“சொர்ணம்,” என்றார், “உங்கக்கா கண்ணுல ரெண்டு சொட்டு வுடும்மா.”

எனக்குப் பால் வற்றி மாசக்கணக்கில் ஆகியிருந்தது. பேபி அக்கா கையிலிருந்த கீரைக்கட்டை அவர் மேல் விட்டெறிந்தாள்.